பொறுப்புக் குறைவு: வீட்டுக்குள் நடக்கும் கொலையும் இங்கிலாந்துச் சட்டமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லண்டன் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் கல்யாணப் பந்தியிலும் கோயில் தேரன்றும் என்னை மடக்கிக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. டிவியில் ஒரு கேஸ் வந்துவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தேன். நான் வக்கீல் இல்லை. சொந்தப் பிரச்சினை என்றால் சொலிசிட்டரிடம் போங்கள். நான் வேலை பார்த்த கேஸ் எதுவும் இதில் இல்லை. இங்கே வருவதெல்லாம் ஊரறிந்த தீர்ப்புகள். வேறு ஊர் பெயர் சொல்லாத இடத்தில் "சட்டம்" என்றால் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம்.

"டிமினிஷ்டு ரெஸ்பான்சிபிலிட்டி"ன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்களேன்.

"கொன்றது நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என் மனநிலை கெட்டிருந்தது, அதனால் முழுப் பொறுப்பையும் என் தலையில் ஏற்றாதீர்கள்" என்று சொல்கிற வாதம். தமிழில் பொறுப்புக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மர்டர் என்ற குற்றம், அதைவிடக் கனம் குறைந்த கொலைக் குற்றமான மேன்ஸ்லாட்டர் என்று இறங்கும். மர்டர் குற்றச்சாட்டுக்கு மட்டும்தான் இது செல்லும். அடித்ததற்கோ, கொலை முயற்சிக்கோ இதைச் சொல்ல முடியாது.

அப்போ விட்டுடுவாங்களா?

இல்லை. மேன்ஸ்லாட்டரும் குற்றம்தான், அதற்கும் ஆயுள் தண்டனை வரை போகலாம். வித்தியாசம் எங்கே என்றால், மர்டர் என்று தீர்ப்பானால் ஆயுள் கட்டாயம். நீதிபதி மனம் இரங்கினாலும் குறைந்தபட்சம் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அவர் தீர்மானிக்கலாம். மேன்ஸ்லாட்டர் என்றால் ஆயுள், சில வருஷம், ஜெயிலுக்குப் பதில் மனநல மருத்துவமனை என்று எதையும் கொடுக்க அவருக்குக் கை திறந்திருக்கும்.

பைத்தியம்னு சொல்லித் தப்பிக்கிற வேலைதானே இது?

அது வேறு வாதம். 1843இல் டேனியல் மக்நாட்டன் என்பவர் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற வழக்கையொட்டி வந்தது. தான் செய்வது என்னவென்றே தெரியாத நிலை, அல்லது அது தப்பு என்று தெரியாத நிலை இருந்திருக்க வேண்டும். நிரூபித்தால் "குற்றவாளி அல்ல" என்றே தீர்ப்பு வரும்.

பொறுப்புக் குறைவில் அப்படி இல்லை. செய்தது தெரியும், தப்பென்றும் தெரியும். கீழே வரப்போகிற பெண்கள் யாரும் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று சொன்னவர்கள் இல்லை.

இப்படி ஒரு சட்டத்தை யார் கண்டுபிடிச்சாங்க?

ஸ்காட்லாந்துக்காரர்கள். அதுவும் ஒரு குடும்பக் கொலையில். 1867இல் அபர்டீனில் டிங்வால் என்பவர் மீது வழக்கு. பல வருஷக் குடிகாரர், மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்றிருந்தார். பைத்தியம் என்று சொல்ல முடியாது. ஆனால் மனசு தளர்ந்த ஆள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்று நீதிபதி டீஸ் ஜூரிக்கு (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்கிற பொதுமக்கள் குழு) வழி காட்டினார். தூக்குக்குப் பதில் சிறை கிடைத்தது.

இங்கிலாந்துக்கு இது வந்துசேர இன்னும் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. 1957 ஹோமிசைடு சட்டத்தின் 2ஆம் பிரிவு. அப்போது தூக்கு இன்னும் இருந்தது. கயிற்றிலிருந்து சிலரைக் காப்பாற்ற ஒரு வாசல் வேண்டியிருந்தது. 1965இல் மர்டருக்குத் தூக்கு போன பிறகும் கட்டாய ஆயுள் நின்றது, வாசலும் நின்றது.

டாக்டர் சர்ட்டிஃபிகேட் ஒண்ணு வாங்கிட்டா போதுமா?

போதாது. 2010 அக்டோபர் 4 முதல் நடப்பில் இருக்கிற புதிய வாசகப்படி நாலு படி ஏற வேண்டும். மனம் இயங்குவதில் கோளாறு இருந்திருக்க வேண்டும். அது மருத்துவம் ஒப்புக்கொண்ட ஒரு நோயிலிருந்து வந்திருக்க வேண்டும். அதனால், செய்வதைப் புரிந்துகொள்வது, நிதானமாக முடிவெடுப்பது, தன்னைக் கட்டுப்படுத்துவது இந்த மூன்றில் ஒன்றாவது கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். கடைசியாக, கொலை ஏன் நடந்தது என்பதற்கு அந்தக் கோளாறு ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

இதில் ஜனங்கள் கவனிக்காத விஷயம், நிரூபிக்கிற சுமை யார்மேல் என்பது. வழக்கமாக எல்லாவற்றையும் அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல். ஆனால் "இல்லாததைவிட இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்கிற அளவுக்கு நிரூபித்தால் போதும்.

"கணிசமாக" என்றால் எவ்வளவு? 2016இல் கோல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உட்கார்ந்து அலசியது. துணைவியைக் கொன்றவர், மனநோய் வரலாறு உள்ளவர். அற்பம் என்ற அளவைத் தாண்டினாலே கணிசம் ஆகிவிடாது, கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி மர்டர் தீர்ப்பை அப்படியே நிறுத்தினார்கள். டாக்டர் நோயைச் சொல்லலாம், பொதுவாக எடை போடுவது ஜூரிதான்.

"மனசு சரியில்ல"ன்னு சொன்னா எடுத்துக்குவாங்களா?

என் வேலையில் என்னை அதிகம் பயமுறுத்துகிற சொற்கள் இவைதான். மாமியார் திட்டினாலும் மனசு சரியில்லை, மூன்று மாதமாகத் தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் மனசு சரியில்லை. ஆங்கிலத்தில் "வருத்தமாக இருந்தேன்" என்று போட்டால் ஒரு கேஸ், "என் புத்தி நிலையில் இல்லை" என்று போட்டால் வேறு கேஸ். நானாக எதையும் கூட்டிப் போடக் கூடாது என்பதால், "இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, எது என்று கேளுங்கள்" என்று சொல்லி நிறுத்துவேன்.

கேட்டதற்கு நேர் பதில்: வருத்தம், வெறுப்பு, அலுப்பு இவை போதாது. மனச்சோர்வு நோய், மனச்சிதைவு, ஆளுமைக் கோளாறு, பெரிய அதிர்ச்சிக்குப் பின் வருகிற பாதிப்பு மாதிரி பெயருள்ள நோயாக இருக்க வேண்டும். முன்பே மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கைதான பிறகு கண்டுபிடித்தாலும் செல்லும்.

குடிச்சிட்டு செஞ்சா? போதையில புத்தி இருக்காதே.

செல்லாது. 2012இல் டௌட்ஸ் வழக்கு. கல்லூரி ஆசிரியர், குடிபோதையில் துணைவியை அறுபது வெட்டு வெட்டிக் கொன்றவர். மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் போதையும் ஒரு வரியாக இருக்கிறதே என்று வாதாடினார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் சட்டத்துக்கு நோயாகிவிடாது, தானாகக் குடித்து ஏற்றிக்கொண்ட போதை இதில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

குடிக்கு அடிமையாகி அதுவே நோயான நிலை வேறு. அதை எடுத்துப் பார்ப்பார்கள். உண்மையான மனநோயும் இருந்து, அன்று குடித்தும் இருந்தால், குடியைத் தள்ளி வைத்துவிட்டு "நோய் மட்டுமே கணிசமாகக் கெடுத்ததா" என்று ஜூரி பார்க்க வேண்டும். சொல்லச் சுலபம். பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற வேலை அது.

ஆத்திரத்துல செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆத்திரத்துக்குத் தனி வாசல். முன்பு அதற்கு ஆத்திரமூட்டல் என்று பெயர். இப்போது கட்டுப்பாடு இழப்பு. பழைய விதியை 1949 டஃபி வழக்கு நிறுத்தியிருந்தது: "திடீரென, தற்காலிகமாக" நிதானம் இழந்திருக்க வேண்டும். சண்டையில் சட்டென்று பொங்கிக் கை ஓங்குகிற ஆண்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பலமில்லாதவள் அப்படிச் செய்ய மாட்டாள். செய்தால் அவள்தான் சாவாள். அவன் தூங்கும்வரை காத்திருப்பாள். காத்திருந்தாலே "திட்டமிட்டாள்" என்றாகிவிடும். டஃபியே கணவன் கொடுமையில் இருந்த மனைவிதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2010 முதல் "திடீர்" தேவையில்லை. கடும் வன்முறைக்குப் பயந்ததும் காரணமாகலாம். மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்பதைத் தனிக் காரணமாகச் சொல்ல முடியாது. பழிவாங்கலும் ஆகாது.

கிரண்ஜித் அலுவாலியா கேஸ்னு சொல்றாங்களே, அதுல என்னதான் நடந்தது?

பஞ்சாபிலிருந்து கல்யாணமாகி வந்தவர். பத்து வருஷம் அடி. அவர் கணவனுக்கு எழுதிய ஒரு கடிதம் தீர்ப்பிலேயே இருக்கிறது: இனி கறுப்புக் காபி குடிக்க மாட்டேன், பச்சை மிளகாய் சாப்பிட மாட்டேன், தலைக்குச் சாயம் பூச மாட்டேன், பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டேன், உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சிரிக்கக்கூட மாட்டேன். பச்சை மிளகாய்க்கு எல்லாம் அனுமதி கேட்கிற வாழ்க்கை.

1989 மே மாதம், கிராலியில், இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு முகத்தில் வைத்த இரவில், கணவன் தூங்கிய பிறகு பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாள் கழித்து அவன் இறந்தான். பெட்ரோலை முன்பே வாங்கி வைத்திருந்தார். டஃபி விதி குறுக்கே நின்றது. அந்த டிசம்பரில் மர்டர், ஆயுள் என்று தீர்ப்பு. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு விடாமல் போராடியது. 1992இல் மேல்முறையீட்டில் ஆத்திரமூட்டல் வாதம் எடுபடவில்லை. ஆனால் அவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது என்ற மருத்துவ அறிக்கை முதல் விசாரணையின்போதே இருந்தும், யாரும் அதை எடுத்து வைக்கவில்லை என்பது வெளியே வந்தது. தீர்ப்பு ரத்தாகி, அந்த செப்டம்பரில் பொறுப்புக் குறைவின் பேரில் மேன்ஸ்லாட்டர் ஏற்கப்பட்டது. தண்டனை மூன்று வருஷம் நாலு மாதம், அதாவது ஏற்கெனவே உள்ளே இருந்த காலம். அன்றே வெளியே வந்தார்.

அடி வாங்கினவளை எதுக்கு நோயாளின்னு சொல்லணும்? அடிச்சவன்தானே நோயாளி?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு அக்கா, பூ கட்டிக்கொண்டே. எனக்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. ஆத்திர வாசலில் நிற்கிறவரிடம் "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். பொறுப்புக் குறைவின் வாசலில் "உனக்கு என்ன கோளாறு?" என்று கேட்கிறார்கள். பத்து வருஷம் அடிபட்டவள் வெளியே வர, முதலில் தன் புத்தி கெட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெண்கள் அமைப்புகள் ரொம்ப காலமாகச் சொல்வது இதைத்தான், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் கோர்ட்டில் நிற்கிற பெண்ணுக்குத் தத்துவம் பேச நேரமில்லை. எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதில்தான் வக்கீல் கூட்டிப் போவார்.

சாலி சாலன் புருஷனை இருபது தடவைக்கு மேல சுத்தியலால அடிச்சுக் கொன்னாங்களாமே, எப்படி வெளியே வந்தாங்க?

2010 ஆகஸ்ட் 14, சரே பகுதியில் கிளேகேட். பதினைந்து வயதில் சந்தித்த ஆளோடு முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண வாழ்க்கை. பிரிந்து, மறுபடி சேரப் பேச்சு. அன்று மழை. சாப்பாடு வாங்கி வா என்று கணவர் அனுப்புகிறார். சாலி திரும்பி வந்து போனை எடுத்து, கடைசியாக அழைத்த எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். அந்தப் பக்கம் ஒரு பெண். சமைத்துப் பரிமாறிவிட்டு, கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பையில் கொண்டுவந்த சுத்தியலால் அடித்தார். "உன்னை நேசிக்கிறேன்" என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

2011இல் மர்டர். குறைந்தபட்சம் 22 வருஷம், பிறகு 18 ஆனது. அப்போது "அடக்கி ஆளுதல்" என்பதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. காசு, நண்பர்கள், போக்குவரத்து எல்லாவற்றையும் ஒருவர் பிடியில் வைப்பது 2015 டிசம்பரில்தான் குற்றமானது. 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம், முதல் விசாரணையில் இல்லாத மனநல அறிக்கைகளைப் பார்த்துத் தீர்ப்பை ரத்து செய்தது. அடக்கி ஆளப்பட்டது தனியே ஒரு தற்காப்பு வாதம் ஆகாது என்றும் அதே மன்றம் சொன்னது. ஜூன் 7 அன்று அரசுத் தரப்பு பொறுப்புக் குறைவை ஏற்றுக்கொண்டது. தண்டனை ஒன்பது வருஷம் நாலு மாதம்; அதைக் கழித்தாகிவிட்டது என்று விட்டார்கள். ஆக, பந்தியில் சொல்வதுபோல "புருஷன் கொடுமைக்காக" விடவில்லை. அக்காவின் கேள்வி இங்கேயும் நிற்கிறது.

தேதியைக் கவனித்தீர்களா? கொலை ஆகஸ்ட், புதிய சட்டம் அக்டோபர். அதனால் அவருக்குப் பொருந்தியது 1957 வாசகம், மேலே சொன்ன நாலு படி இல்லை.

அப்போ பொண்டாட்டியைக் கொன்ன புருஷனும் "டிப்ரெஷன்"னு சொல்லிக் குறைச்சுக்கலாமா?

கேட்கலாம். சட்டத்தில் ஆண் பெண் என்று எழுதவில்லை. வீட்டுக்குள் கொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான், ஆகவே கோர்ட்டில் இந்த வாதத்தோடு நிற்கிறவர்களில் ஆண்களும் நிறைய. "பிரிந்து போகிறேன்" என்று அவள் சொன்ன பிறகு வந்த மனச்சோர்வு என்பார்கள். அந்த நாலாவது படிதான் அங்கே முக்கியம்: கொலைக்குக் காரணம் நோயா, அல்லது அவள் தன் சொத்து என்ற நினைப்பா? மேலே வந்த கோல்ட்ஸும் டௌட்ஸும் பொறுப்புக் குறைவு என்று சொல்லிப் போய்த் தோற்றவர்கள். எல்லோரும் தோற்பதில்லை.

எத்தனை வருஷம் கிடைக்கும்?

2018 நவம்பர் முதல் ஒரு வழிகாட்டி இருக்கிறது. நோய் போக மிச்சம் எவ்வளவு பொறுப்பு என்று பார்க்கிறார்கள். அதிகம் என்றால் 24 வருஷத்தில் தொடங்கி 15 முதல் 40 வரை. நடுத்தரம் என்றால் 15இல் தொடங்கி 10 முதல் 25. குறைவு என்றால் 7இல் தொடங்கி 3 முதல் 12. சிகிச்சைதான் தேவை என்றால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து எப்போது வெளியே வருவோம் என்று தேதி கிடையாது. சிலருக்கு ஜெயிலே மேல் என்று தோன்றும்.

படுத்த படுக்கையா இருந்த மனைவியை வயசான கணவர் கொன்னா, அதுவும் இதுலதான் வருமா?

கருணைக் கொலை என்று இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. நோயாளியைப் பார்த்துப் பார்த்து அவருக்கே மனச்சோர்வு வந்திருந்தால் இந்த வழியாகத்தான் கொண்டுபோவார்கள். அரசுத் தரப்பும் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. நோய் கொஞ்சம் இழுத்துப் பொருத்தப்பட்டது மாதிரி தெரிந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

பிள்ளை பெத்த தாய் குழந்தையைக் கொன்னா?

ஒரு வயதுக்குள் உள்ள தன் குழந்தை, பிரசவத்தால் மனம் கலங்கிய நிலை என்றால் அதற்கென்றே 1938 சட்டம் ஒன்று உண்டு. தண்டனை மேன்ஸ்லாட்டர் அளவில். குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்தால் மறுபடி பொறுப்புக் குறைவுக்குத்தான் வர வேண்டும்.

நம்ம ஊர்ல இந்தச் சட்டம் இருக்கா?

இந்தியாவில் இல்லை, இலங்கையிலும் இல்லை. பைத்தியம் என்ற முழு வாதம் உண்டு: இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. திடீர் ஆத்திரத்துக்கு விலக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு இடமில்லை. சிங்கப்பூரில் உண்டு, கொலைப் பிரிவின் ஏழாவது விதிவிலக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் ஒரு காரியம் செய்தது. பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து உயிர் தப்பிய ஒரு தாயின் வழக்கு. பசியில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காள் கதையை எடுத்து, இந்த நிலைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். திடீர் ஆத்திரம் மட்டுமில்லை, நாள்பட்டு நெஞ்சில் ஏறிக்கொண்டே போகிற கொடுமையும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் என்று ஏற்றார்கள். நம் பாட்டிமார் ஒப்பாரியில் சொன்னது தீர்ப்பில் ஏறிய இடம் அது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கேட்டது "உனக்கு என்ன நடந்தது?"

"மெண்டல்னு எழுதிடாதீங்க, பிள்ளைங்களுக்கு யார் பொண்ணு குடுப்பா"ன்னு அவங்களே மறுத்துட்டா?

நடக்கும். இந்த வாதத்தை எடுப்பதா வேண்டாமா என்பது பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் முடிவு. நீதிபதி பார்த்தால் வக்கீலுக்குக் கோடி காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது. மறுத்துவிட்டு, மர்டர் என்று தீர்ப்பான பிறகு "இப்போது சொல்கிறேன்" என்று மேல்முறையீட்டுக்குப் போனால் சுலபத்தில் கேட்க மாட்டார்கள். எல்லா வாதத்தையும் முதல் விசாரணையிலேயே வைக்க வேண்டும் என்பது விதி. கிரண்ஜித், சாலன் இருவருக்கும் கதவு திறந்தது விதிவிலக்காகத்தான்.

கொன்னவங்களுக்கே அந்த வீடும் சொத்தும் போகுமா?

பொதுவாகப் போகாது. கொன்றவர் செத்தவரின் சொத்தை அடையக் கூடாது என்பது பழைய விதி, மேன்ஸ்லாட்டருக்கும் அது பொருந்தும். ஆனால் 1982இல் வந்த ஒரு சட்டம், மர்டர் அல்லாத வழக்குகளில் நியாயம் பார்த்து அதைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. 2020இல் சாலன் அதைக் கேட்டார். மகன்கள் எதிர்க்கவில்லை. கிடைத்தது. அடக்கி ஆளப்பட்ட எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்று நீதிபதி கூடவே எழுதி வைத்தார்.